காப்பர் டி நூல் தட்டுப்படவில்லை, ரத்தப்போக்கும் அதிகம்: கழற்றிவிடலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதம் இது. ஏழு மாதத்துக்கு முன் அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவம். வலியில் துடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தாளில் கையெழுத்து வாங்கி, குழந்தை பிறந்த கையோடு, கர்ப்பப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனமான காப்பர் டியைப் போட்டுவிட்டார்கள். ஐந்தாம் மாதம் மாதவிடாய் திரும்பியது. வந்த இரண்டு முறையும் எட்டு, ஒன்பது நாள் நீடித்தது, கட்டி கட்டியாகப் போனது. நூல் கைக்குத் தட்டுப்படவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் "பத்து வருஷம் இருக்கலாம், போகப் போகப் பழகிடும்" என்று அனுப்பிவிட்டார்கள். மாமியாரோ அது நெஞ்சுக்கு ஏறிவிடும் என்கிறார். "கழற்றலாமா, கழற்றினால் அடுத்த குழந்தை தங்குமா" என்று கேட்கிறீர்கள். இதற்குள் இன்னும் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அது உள்ளே இருக்கிறதா? இவ்வளவு ரத்தம் போவது சாதாரணம்தானா? ஒரு கோளாறும் இல்லாவிட்டாலும் "எனக்கு வேண்டாம்" என்று நீங்கள் சொல்லலாமா?

கடைசிக் கேள்விக்குப் பதில் எளிது: சொல்லலாம். காப்பர் டியை வைத்துக்கொள்வதும் எடுத்துவிடுவதும் உங்கள் முடிவு. கணவர் கையெழுத்து தேவையில்லை, காரணமும் காட்ட வேண்டியதில்லை. பத்து வருடம் என்பது அது வேலை செய்யும் அதிகபட்சக் காலம், நீங்கள் சுமந்தே ஆகவேண்டிய தவணை அல்ல. மற்ற இரண்டுக்கும் உங்களைப் பரிசோதிக்காமல் இங்கிருந்து முடிவு சொல்ல முடியாது. ஆனால் எந்த வரிசையில் எதைப் பார்க்க வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று சொல்ல முடியும்.

முதலில் நூல். அரசு மருத்துவமனையில் தரும் காப்பர் டி 380ஏ என்பது 36 மில்லிமீட்டர் நீளமும் 32 மில்லிமீட்டர் அகலமும் உள்ள ஒரு பிளாஸ்டிக் டி. தண்டில் செம்புக் கம்பி சுற்றியிருக்கும், இரண்டு கைகளிலும் செம்புப் பட்டை இருக்கும். அடியில் தூண்டில் நரம்பு போல மெல்லிய இரண்டு நூல்கள். சாதாரண நாளில் போடும்போது கர்ப்பப்பை வாய்க்கு வெளியே 3 சென்டிமீட்டர் அளவுக்கு விட்டு மிச்சத்தை வெட்டிவிடுவார்கள். பிரசவத்தன்று போடுவது வேறு மாதிரி. நஞ்சுக்கொடி விழுந்த பத்து நிமிடத்துக்குள், நீண்ட கிடுக்கியால் பிடித்து, கர்ப்பப்பையின் உச்சியில் கொண்டுபோய் வைப்பார்கள். அந்த நேரத்தில் கர்ப்பப்பை தொப்புள் வரை எட்டும், ஒரு கிலோ எடை இருக்கும். அதன் நீளத்துக்கு நூல் பற்றாது, அதனால் நூலை வெட்டாமல் உள்ளேயே விட்டுவிடுவார்கள். ஆறு வாரத்தில் கர்ப்பப்பை சுருங்கிப் பழைய அளவுக்கு வரும்போது நூல் தானாக வாய்க்கு இறங்கி வர வேண்டும். பலருக்கு வரும். சிலருக்கு உள்ளேயே சுருண்டு நின்றுவிடும். ஆகவே பிரசவத்தன்று போட்டவர்களுக்கு நூல் தெரியாதது அபூர்வம் அல்ல, அதை வைத்து எந்த முடிவுக்கும் வந்துவிட முடியாது.

ஆனால் அதைச் சும்மா விடவும் கூடாது, ஏனென்றால் இன்னொரு சாத்தியம் இருக்கிறது. பிரசவத்தன்று போட்டது வெளியே விழுந்துவிடும் வாய்ப்பு, ஆறு வாரம் கழித்துப் போட்டதைவிடப் பல மடங்கு அதிகம். நஞ்சு விழுந்தவுடன் போட்டவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இது நடக்கிறது. சிசேரியனின்போது போட்டவர்களைவிடச் சுகப்பிரசவத்தில் போட்டவர்களுக்கே அதிகம். பெரும்பாலும் முதல் சில வாரங்களில், பிரசவ ரத்தத்தோடும் கட்டியோடும் சேர்ந்து போய்விடுவதால் அந்தப் பெண்ணுக்கே தெரியாது. பிறகு பாதுகாப்பாக இருக்கிறோம் என்ற நம்பிக்கையில் மறுபடி கர்ப்பம். "கர்ப்பப்பையில் காப்பர் டி இருந்தும் குழந்தை தங்கிவிட்டது" என்று ஊரில் சொல்லும் கதைகளில் சிலவற்றில் காப்பர் டி என்றைக்கோ விழுந்து போயிருக்கும். அதனால் அது உள்ளே இருப்பது உறுதியாகும் வரை உங்களுக்குக் கருத்தடை இல்லை என்றே வைத்துக்கொண்டு, இன்று முதல் ஆணுறை பயன்படுத்துங்கள். பால் கொடுப்பது மட்டும் போதாதா என்றால், போதாது. தாய்ப்பால் தரும் பாதுகாப்பு குழந்தைக்கு ஆறு மாதம் நிறையாமல், பால் தவிர வேறு எதுவும் கொடுக்காமல், தீட்டும் வராமல் இருக்கும் வரைதான். உங்களுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது.

வீட்டில் நீங்களே ஒரு முறை சரியாகத் தொட்டுப் பார்க்கலாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, குத்தவைத்து உட்கார்ந்து, நடுவிரலை உள்ளே விடுங்கள். விரல் நுனிக்கு மூக்கு நுனி போல உறுதியாக ஒன்று தட்டுப்படும். அதுதான் கர்ப்பப்பை வாய். அதன் நடுவில் சிறு குழியிலிருந்து நூல் வெளிவரும். நூலைத் தொட மட்டும் செய்யுங்கள், இழுத்துப் பார்க்க வேண்டாம். நூலுக்குப் பதிலாக விரலுக்குக் கடினமான பிளாஸ்டிக் முனை தட்டினால் காப்பர் டி பாதி இறங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த நிலையில் அதை நம்ப முடியாது, எடுத்துவிடத்தான் வேண்டும். ஒன்றுமே தட்டவில்லை என்றாலும் கலங்காதீர்கள், விரல் எட்டாதவர்களும் உண்டு.

மருத்துவமனையில் பார்க்க வேண்டியது இந்த வரிசையில். முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை. கர்ப்பம் இல்லை என்றானதும் ஸ்பெகுலம் (பிறப்புறுப்பை விரித்துப் பார்க்கும் கருவி) வைத்துக் கர்ப்பப்பை வாயைப் பார்ப்பார்கள். பலருக்குப் பிரச்சினை இங்கேயே முடிந்துவிடும், நூல் வாய்க்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருப்பது சகஜம். மெல்லிய தூரிகை ஒன்றை வாய்க்குள் விட்டுச் சுழற்றினால் நூல் வெளியே வந்துவிடும். வரவில்லை என்றால் ஸ்கேன். ஸ்கேனில் கர்ப்பப்பைக்குள் இருந்தால் நல்லது. இல்லை என்றால் "விழுந்திருக்கும்" என்று அதோடு விட்டுவிடக் கூடாது, வயிற்றையும் இடுப்பையும் சேர்த்து ஒரு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். காப்பர் டியின் பிளாஸ்டிக்கில் பேரியம் கலந்திருப்பது இதற்காகத்தான்; உடம்பில் எங்கிருந்தாலும் எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும். எக்ஸ்ரேயிலும் இல்லை என்றால்தான் அது வெளியே போய்விட்டது என்று சொல்ல முடியும். இந்தக் கடைசிப் படியைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள், நீங்கள் கேட்டு வாங்குங்கள்.

மாமியார் சொல்வதற்கு வருகிறேன். நெஞ்சுக்கு ஏறாது. கர்ப்பப்பையிலிருந்து இதயத்துக்குப் போக அதற்கு வழியே இல்லை. ஆனால் அந்தப் பயம் ஒன்றுமில்லாததிலிருந்து பிறந்ததல்ல. சுமார் ஆயிரத்தில் ஒருவருக்கு, பெரும்பாலும் போடும்போதே, காப்பர் டி கர்ப்பப்பைச் சுவரைத் துளைத்து வயிற்றுக்குள் போவதுண்டு. ஐரோப்பாவில் 60,000-க்கும் மேற்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வில் பால் கொடுக்கும் காலத்தில் போட்டவர்களுக்கு இந்த ஆபத்து ஆறு மடங்கு இருந்தது. அப்போதும் எண்ணிக்கை ஆயிரத்தில் சிலர்தான். வயிற்றுக்குள் போனது வயிற்றிலேயே கிடக்கும். செம்பைச் சுற்றிக் குடல் ஒட்டிக்கொள்ள வாய்ப்பிருப்பதால் லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளையிட்டுச் செய்யும் அறுவை சிகிச்சை) மூலம் எடுத்துவிடுவார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1965-ல் இந்தியா முழுக்க லிப்பீஸ் லூப் என்ற பிளாஸ்டிக் வளையத்தை முகாம் போட்டு லட்சக்கணக்கான பெண்களுக்குப் பொருத்தினார்கள். ரத்தம் அதிகமாகப் போகும் என்று முன்கூட்டிச் சொல்லவில்லை, போனபோது திரும்பிப் பார்க்கவும் ஆளில்லை. சில வருடத்தில் அந்தத் திட்டம் சரிந்தது. இன்றும் கிராமத்தில் காப்பர் டியை "லூப்" என்றுதான் சொல்கிறார்கள். அந்தச் சொல்லோடு அந்தக் காலத்து அச்சமும் அம்மாவிடமிருந்து மகளுக்கு வந்திருக்கிறது. உங்கள் மாமியாரிடம் ஸ்கேன் படத்தைக் காட்டுங்கள், வாதம் செய்வதைவிட அது பலன் தரும்.

இப்போது ரத்தப்போக்கு. காப்பர் டியில் ஹார்மோன் கிடையாது. செம்பு அயனிகள் விந்தணுவைச் செயலிழக்கச் செய்து, கரு உருவாவதையே தடுக்கின்றன. ஆகவே இது கருவைக் கலைக்கும் சாதனம் அல்ல. எடை கூடுவதற்கும் முடி கொட்டுவதற்கும் இது காரணமாகாது. பிரசவத்துக்குப் பின் நாலைந்து மாதத்தில் முடி கொட்டுவது தானாக நடப்பது. ஆனால் அதே செம்பு கர்ப்பப்பையின் உள்படலத்தில் ஒரு அழற்சியை உண்டாக்குகிறது. அதனால் தீட்டு ரத்தம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகக் கூடும், வலியும் கூடலாம், தீட்டுக்கு நடுவிலும் சொட்டுச் சொட்டாகப் படலாம். இது உறுதியாகத் தெரிந்த விஷயம். பெரும்பாலானவர்களுக்கு மூன்றிலிருந்து ஆறு மாதத்தில் குறையும் என்பதும் உண்மைதான். உங்களுக்குக் குறையுமா என்பதைத்தான் யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. உங்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கல்: பிரசவத்துக்குப் பின் வரும் முதல் ஒன்றிரண்டு தீட்டு காப்பர் டி இல்லாதவர்களுக்கும் தாறுமாறாக வரும். இரண்டு மாதத்தை மட்டும் வைத்துப் பழியைக் காப்பர் டி மீது போடவும் முடியாது, அதை விடுவிக்கவும் முடியாது. இறங்கிப்போன காப்பர் டியும் ரத்தப்போக்கை அதிகமாக்கும், அதனால்தான் ஸ்கேனை முதலில் சொன்னேன்.

"பழகிடும்" என்று சொல்லி அனுப்பியதில் எனக்கு உடன்பாடில்லை. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019-21) இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஏற்கெனவே ரத்தம் குறைந்திருக்கும் பெண்ணுக்கு மாதாமாதம் கூடுதலாகப் போவது சின்ன விஷயம் இல்லை. ஒரு தீட்டுக்கு 80 மில்லிக்கு மேல் போனால் அதிகம் என்று கணக்கு. வீட்டில் யாரும் அளந்து பார்க்க முடியாது, அதனால் இப்படிப் பாருங்கள்: ஏழு நாளுக்கு மேல் நீடிக்கிறதா, பத்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டி போகிறதா, முழுதாக நனைந்த நாப்கினை இரண்டு மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டியிருக்கிறதா, இரவில் எழுந்து மாற்றுகிறீர்களா, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா. எட்டு, ஒன்பது நாள், கட்டியோடு என்று நீங்கள் எழுதியிருப்பது இந்தக் கணக்கில் அதிகம்தான். ஹீமோகுளோபின் பாருங்கள். 12-க்குக் கீழ் என்றால் ரத்தசோகை. பிரசவத்துக்குப் பின் ஆறு மாதத்துக்கு, தினம் ஒன்று வீதம் 180 இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருப்பார்கள். பாதியில் விட்டிருந்தால் உண்மையைச் சொல்லுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள நியாயமில்லை. மாத்திரையைக் காபி, டீ, பாலோடு போட்டால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. கால்சியம் மாத்திரைக்கும் அதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

காப்பர் டி சரியான இடத்தில்தான் இருக்கிறது, வைத்துக்கொள்ளவும் விரும்புகிறீர்கள் என்றால் ரத்தத்தைக் குறைக்க மருந்து இருக்கிறது. தீட்டு தொடங்கிய நாளிலிருந்து ஐந்து நாள் வரை, சாப்பிட்டபின் இபுப்ரோஃபென் 400 மில்லிகிராம் எடுத்தால் வலியும் குறையும், ரத்தமும் குறையும். அது போதாவிட்டால் டிரானெக்ஸாமிக் அமிலம் மாத்திரையை டாக்டர் சேர்ப்பார். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருந்தால் முதல் மருந்து ஆகாது. காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்த வரலாறு இருந்தால் இரண்டாவது ஆகாது. ஆகவே கடையில் கேட்டு வாங்காமல், பால் கொடுப்பதையும் சொல்லி எழுதி வாங்குங்கள். ஆஸ்பிரின் வேண்டாம், அது ரத்தத்தைக் கூட்டும். இரண்டு, மூன்று தீட்டுக்கு மருந்து எடுத்தும் இப்படியே இருந்தால் உங்கள் உடம்புக்கு இது ஒத்துவரவில்லை என்று எடுத்துக்கொள்வதுதான் நியாயம்.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் "காப்பர் டி சற்றுக் கீழே இருக்கிறது" என்று எழுதி வரலாம். இந்த இடத்தில் மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. கர்ப்பப்பை வாய்க் குழாய்க்குள் இறங்கியிருந்தால் எடுக்க வேண்டும் என்பதில் சந்தேகம் இல்லை. கர்ப்பப்பை அறைக்குள்தான் இருக்கிறது, உச்சியிலிருந்து சற்றே தள்ளியிருக்கிறது, உங்களுக்கும் தொந்தரவில்லை என்றால் பலர் அப்படியே விடச் சொல்வார்கள். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது, ஏனென்றால் அவசரப்பட்டு எடுத்துவிட்டு வேறு எதுவும் தொடங்காமல் இருப்பவர்களுக்கே கர்ப்பம் தங்குகிறது. உங்களுக்கோ தொந்தரவு இருக்கிறது, அதனால் தராசு வேறு பக்கம் சாயலாம்.

அன்றே ஓட வேண்டிய நிலைகளும் உண்டு. நாப்கின் மணிக்கு ஒன்று வீதம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நனைந்தால், காய்ச்சலோடு அடிவயிறு வலித்து நாற்றத்துடன் வெள்ளைப்பட்டால், தீட்டு தள்ளிப்போய் ஒரு பக்க அடிவயிற்று வலியோ மயக்கமோ தோள்பட்டை வலியோ வந்தால் காத்திருக்காதீர்கள். கடைசியில் சொன்னது கருக்குழாயில் கரு தங்கியதன் அறிகுறியாக இருக்கலாம். காப்பர் டி போட்டவர்களுக்குக் கர்ப்பம் தங்குவதே அபூர்வம், முதல் வருடத்தில் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் தங்கினால் குழாயில் தங்குவதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

கழற்றும் முறை. நூல் தெரிந்தால் அது வெளிநோயாளி அறையில் இரண்டு நிமிட வேலை. ஸ்பெகுலம் வைத்து, நூலைக் கிடுக்கியால் பிடித்து, மெதுவாக ஒரே சீராக இழுப்பார்கள். கைகள் மேல்நோக்கி மடங்கிக்கொண்டு வெளியே வரும். ஒரு கணம் தீட்டு வலி போலச் சுரீரென்று இருக்கும். நூல் உள்ளே இருந்தால் மெல்லிய கிடுக்கியை உள்ளே விட்டு எடுக்க வேண்டும், சில சமயம் ஸ்கேன் பார்த்துக்கொண்டே, சில சமயம் மயக்கம் கொடுத்து ஹிஸ்டெரோஸ்கோப்பி (கர்ப்பப்பைக்குள் சிறு கேமரா விட்டுப் பார்ப்பது) வழியாக. இதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் முயற்சி செய்ய வேண்டாம், மாவட்ட மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரிக்கோ எழுதித் தரச் சொல்லுங்கள். வலியைப் பற்றி வெளிப்படையாகக் கேளுங்கள். காப்பர் டி போடுவதும் எடுப்பதும் "கொஞ்சம்தான் வலிக்கும்" என்று சொல்லிச் சொல்லியே பெண்களின் வலியைக் குறைத்து மதிப்பிட்டு வந்திருக்கிறோம். அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையம் 2024-ல்தான் போடுவதற்கு முன் வலி பற்றியும் மரத்துப்போகச் செய்யும் மருந்து பற்றியும் பெண்ணிடம் பேச வேண்டும் என்று வழிகாட்டுதலில் எழுதியது. உள்ளே கிடுக்கி விட வேண்டியிருந்தால் கர்ப்பப்பை வாயில் மரத்துப்போக ஊசி போடச் சொல்லிக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை.

அடுத்த குழந்தையைப் பற்றிய பயம் வேண்டாம். எடுத்த அந்த மாதமே கரு தங்கலாம். மெக்சிகோவில் நடந்து 2001-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, கருக்குழாய் அடைப்புக்குக் காப்பர் டி காரணம் இல்லை, முன்பு வந்த கிளமிடியா என்ற, உடலுறவால் பரவும் தொற்றே காரணம் என்று காட்டியது. போட்ட முதல் இருபது நாள் தவிர, தொற்றுக்கான வாய்ப்பும் மிகக் குறைவு. ஆனால் "அந்த மாதமே தங்கலாம்" என்பதற்கு இன்னொரு பக்கம் உண்டு. இப்போது குழந்தை வேண்டாம் என்றால், எடுப்பதற்கு முந்தைய ஏழு நாள் உறவு வேண்டாம், அல்லது ஆணுறை போடுங்கள். உள்ளே உயிரோடு இருக்கும் விந்தணுவுக்குக் காப்பர் டி போனதும் தடை நீங்கிவிடும்.

அதற்குப் பதில் எது என்பதை எடுக்கும் முன்பே முடிவு செய்யுங்கள். அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைப்பவற்றில், பால் கொடுக்கும் உங்களுக்கு சாயா மாத்திரை பொருந்தும்: ஹார்மோன் இல்லை, முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. அது தீட்டைத் தள்ளிப்போடும், குறைக்கவும் செய்யும். அந்தரா ஊசி மூன்று மாதத்துக்கு ஒன்று. அதில் தீட்டு ஒழுங்கில்லாமல் வரும், பலருக்கு நின்றே போகும், நிறுத்தியபின் கரு தங்க மாதக்கணக்கில் ஆகலாம். தனியாரில் போடும், காப்பர் டி போலவே கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் தீட்டு ரத்தத்தைப் பெருமளவு குறைத்துவிடும். அதிக ரத்தப்போக்குக்குச் சிகிச்சையாகவே அதைப் போடுகிறோம். செலவு கூடுதல். அத்தை, சித்தி எல்லோரும் ஆபரேஷன் செய்துகொண்டதைச் சொல்லி உங்களையும் அதற்குத் தள்ளுவார்கள். இன்னொரு குழந்தை வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் அந்தப் பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள்.

கையெழுத்து பற்றி. பிரசவத்தன்று போடும் காப்பர் டிக்கான சம்மதத்தைக் கர்ப்ப காலப் பரிசோதனையின்போதே, விளக்கிச் சொல்லி வாங்க வேண்டும். வலி முற்றிய நேரத்தில் வாங்குவது சம்மதம் ஆகாது. உங்களுக்கு நடந்தது தவறு. இத்தனைக்கும் இது நல்ல சாதனம், கேட்டுப் போட்டுக்கொண்டு பத்து வருடம் நிம்மதியாக இருப்பவர்கள் ஏராளம். கேட்காமல் போடுவதால்தான் அதன் பெயர் கெடுகிறது.

போகும்போது டிஸ்சார்ஜ் அட்டையை எடுத்துச் செல்லுங்கள். அதில் 380ஏ என்று இருந்தால் பத்து வருடம், 375 என்று இருந்தால் ஐந்து வருடம்தான். எது என்று பார்க்காமலே எல்லோருக்கும் பத்து என்று சொல்லிவிடுகிறார்கள். எடுத்துவிடுவது என்று முடிவானால், எடுத்த காப்பர் டியை உங்களிடம் காட்டச் சொல்லுங்கள். இரண்டு கைகள், ஒரு தண்டு, இரண்டு நூல்கள். செம்பு கறுத்து, மேலே சுண்ணாம்பு படிந்தது போல இருந்தால் பரவாயில்லை, அது இயல்பு. ஒரு கை இல்லை என்றால் மேசையை விட்டு இறங்கும் முன் இன்னொரு ஸ்கேன் கேளுங்கள்.